கர்ப்பப்பையை எடுக்கும் முன்னால் சதை டெஸ்ட் வேண்டுமா, எடுத்த பிறகு அனுப்பினால் போதாதா?

திண்டுக்கல்_தென்றல்:
வணக்கம். என் பெரியம்மாவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்று நாலைந்து வருடம் ஆகிவிட்டது, இப்போது மறுபடி ரத்தம் போகிறது. அதிகம் இல்லை, ஆனால் விட்டு விட்டு வருகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. தடிமன் என்றும் சின்னதாக ஒரு நார்க்கட்டி இருக்கிறது என்றும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள நர்சிங் ஹோமில், இந்த வயதில் கர்ப்பப்பை இருந்து என்ன செய்யப்போகிறது, எடுத்துவிடலாம், எடுத்த பிறகு டெஸ்ட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லி வரும் புதன்கிழமைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அக்கா, முதலில் உள்ளே இருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியும் எடுக்கப்போகிறதை எதற்கு இரண்டு தடவை நோண்ட வேண்டும், அதுவும் ஒருவேளை கேன்சராக இருந்தால் கத்தி பட்டதும் பரவிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராணி_மேலூர்:
புதன்கிழமை வேண்டாம்மா. தள்ளி வைக்கச் சொல். என் தங்கைக்கு இதே மாதிரிதான் நடந்தது. வெள்ளைப்படுதல், இடையிடையே ரத்தம், கணவன் மனைவி சேர்ந்திருந்தால் அன்றைக்கு ரத்தம். கர்ப்பப்பை வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, வெறும் வயிற்று ஸ்கேனை வைத்து, கர்ப்பப்பை வீங்கியிருக்கிறது என்று சொல்லி எடுத்தார்கள். எடுத்ததை ட்ரேயில் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார்கள். பார்த்துவிட்டு நாங்களும் தலையாட்டினோம். அதை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அனுப்பவில்லை. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் உள்ளே தையல் போட்ட இடத்திலேயே கட்டி இருப்பதைப் பார்த்துச் சதை எடுத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அங்கே இருந்த டாக்டரம்மா பழைய பயாப்சி, அதாவது சதை டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டபோது எங்களிடம் டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாளைத் தவிர எதுவும் இல்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் வந்திருந்தால் உங்களுக்கு ஆபரேஷனே வேண்டியிருந்திருக்காது, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தே குணப்படுத்தியிருக்கலாம் என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

கதிர்_டெக்:
ராணி அக்கா சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நான் ரேடியோதெரபி பிரிவில் வேலை பார்ப்பவன். இந்த மாதிரி நோயாளிகள் எங்களிடம் தொடர்ந்து வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 4 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ பக்கத்துத் திசுக்களுக்குப் போயிருந்தாலோ ஆபரேஷன் முதல் சிகிச்சை கிடையாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு சுமார் 25 தடவை, ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி. அதற்கப்புறம் உள்கதிர்வீச்சு, அதாவது பிராக்கிதெரபி. இதில்தான் விஷயமே இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் வழியே கதிரியக்க மூலத்தை அனுப்புகிறோம். கட்டியின் நட்டநடுவில் போய் அது நிற்கும், கட்டிக்கு மிக அதிக டோஸ் போகும், பக்கத்தில் உள்ள மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் குறைவாகத்தான் போகும். அந்தக் குழாய் நிற்பதற்கான இடமே கர்ப்பப்பையின் உட்குழிதான். நோய் என்னவென்று தெரியாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்த இடம் இல்லை. பிறப்புறுப்பின் மேல்முனையில் போட்ட தையலுக்கு மட்டும் டோஸ் கொடுக்கலாம், கட்டி மிச்சம் இருந்தால் ஊசிகளாகக் குத்தி வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கர்ப்பப்பை இருந்த காலி இடத்தில் சிறுகுடல் வந்து இறங்கிவிடும். அது கதிர்வீச்சைத் தாங்காது, வயிற்றுப்போக்கும் அடைப்பும் பின்னால் வரலாம்.

ஆரம்ப நிலையிலேயே இருந்தாலும், பலருக்குச் செய்ய வேண்டியது சாதாரண கர்ப்பப்பை நீக்கம் இல்லை, சுற்றியுள்ள திசுவையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன். மிகச் சின்னதாக இருந்தால் சாதாரண ஆபரேஷனே போதும் என்பதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்யவும் முன்கூட்டியே சதை பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி_கேட்பவன்:
இதெல்லாம் சரி. ஆனால் பெரியப்பா சொல்வதை இப்படி ஒதுக்கிவிட முடியுமா? எங்கள் தெருவில் ஒருவருக்கு ஊசி போட்டு டெஸ்ட் எடுத்தார்கள், எடுத்த ஒரு மாதத்தில் படுத்துவிட்டார், மூன்றாம் மாதம் ஆள் இல்லை. அதுவரை நடமாடிக்கொண்டிருந்த மனிதர். இப்படி ஊருக்கு ஒரு கதை இருக்கிறதே, எல்லாமே பொய்யா?

பேத்தாலஜி_மணி:
கதை பொய் இல்லை, காரணம்தான் வேறு. நான் அரசு மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி (சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் துறை) படித்து அங்கேயே வேலை பார்க்கிறேன். நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், வந்ததும் முதலில் செய்வது சதை எடுப்பது, அப்புறம் நோய் தன் போக்கில் போகிறது. ஊசிக்குப் பிறகு நடந்ததால் ஊசியால் நடந்தது என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது என்பது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கல்லீரல் கட்டியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆவதாகக் கணக்கு இருக்கிறது. மார்பகத்தில் ஊசித் தடத்தில் செல்கள் இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதனால் ஆயுள் குறைவதாகக் காணப்படவில்லை. கணையப் புற்றுநோயில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 2,000க்கு மேற்பட்ட ஆட்களைப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசிப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஊசியால் ஆயுள் கூடியது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஊசி குத்தினால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

தென்றல், உங்கள் பெரியம்மா விஷயம். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உள்சவ்வுப் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்கு இருக்காது, அதனால் இப்போதே பயந்துவிட வேண்டாம். ஆனால் ஸ்கேனில் சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், இவருக்கு 11. பைப்பெல் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஓபியிலேயே மயக்க மருந்து இல்லாமல் எடுத்துவிடலாம், மாதவிடாய் வலி மாதிரி சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும். வாய் இறுகியிருந்து குழாய் போகவில்லை என்றால் வாயை விரித்து உள்சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி, அல்லது கேமரா விட்டுப் பார்த்து எடுப்பது. அதோடு ஸ்பெகுலம் என்ற விரிக்கும் கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கட்டியோ புண்ணோ தெரிந்தால் செல்லை மட்டும் வழித்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் போதாது, அந்த இடத்திலிருந்து ஒரு துண்டு கிள்ளி எடுத்து அனுப்ப வேண்டும்.

ஸ்கேன் நிழலைத்தான் காட்டும். எந்த வகை, எந்த அளவு கொடூரம், எந்த மருந்துக்கு மசியும் என்பதெல்லாம் செல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

ஈரோடு_செந்தில்:
டாக்டர், ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றுக்கும் சதை எடுத்தே ஆக வேண்டும் என்று இந்த இழையைப் படிப்பவர்கள் நினைத்துவிடக்கூடாது. என் அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி, பல வருடமாக ஈரல் சுருக்கம் உள்ளவர். பயாப்சி எடுக்காமலே கேன்சர் என்று சொல்லிச் சிகிச்சையும் ஆரம்பித்தார்கள். நான் அப்போது இப்படித்தான் சண்டைக்குப் போனேன், சதை பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று. அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள்.

பேத்தாலஜி_மணி:
செந்தில் சொல்வது சரி, நல்லவேளை இங்கே எழுதினார். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு 1 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் முதல் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து பின்னால் மங்கினால், அதுவே போதுமான சான்று என்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுருக்கம் இல்லாத ஈரலில் கட்டி வந்தால் இந்த விதி செல்லாது, அங்கே சதை வேண்டும்.

இன்னும் சில இடங்களில் ஊசியே போடக்கூடாது. விதைப்பையில் கட்டி என்றால் பையின் வழியே குத்தினால் நிணநீர் போகும் வழியே மாறிவிடும், அதனால் இடுப்பு மடிப்பு வழியாக விதையை முழுசாக எடுத்துத்தான் பார்ப்பார்கள், அதற்கு முன் ரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற குறியீடுகளைப் பார்ப்பார்கள். குழந்தையின் கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் சந்தேகம் என்றால் கண்ணுக்குள் ஊசி கூடாது. சினைப்பையில் உறை உடையாமல் இருக்கும் கட்டியைக் குத்தினால் உள்ளிருக்கும் நீர் வயிற்றில் சிந்தும், முதல் நிலையின் தொடக்கத்தில் இருந்த நோய் ஒரு படி ஏறிவிடும், அதை உடையாமல் முழுசாக எடுப்பார்கள். கணையம், பித்தப்பையில் எடுத்துவிடக்கூடிய நிலையில் இருந்தால் நேரே ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு.

ஆனால் கவனியுங்கள், இவை எல்லாமே யோசித்து வைத்த விதிவிலக்குகள். ஒவ்வொன்றுக்கும் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது. அதே கணையத்துக்கும் சினைப்பைக்கும் முதலில் கீமோ கொடுக்கப்போகிறோம் என்றால் சதையோ நீரோ எடுத்து உறுதி செய்யாமல் ஆரம்பிக்கமாட்டார்கள். "எதற்கு வீண் செலவு" என்பது அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை.

வேலூர்_பிரபா:
சினைப்பை பற்றிச் சொன்னதால் ஒன்று. என் நாத்தனார், இருபத்தி சொச்சம் வயது. வயிறு முழுக்க நீர், சினைப்பைக் கேன்சருக்குப் பார்க்கும் சிஏ-125 என்ற ரத்த அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, ஸ்கேனில் குடல் மேல் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு தடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு முதலில் பார்த்த டாக்டர் சினைப்பைக் கேன்சர் முற்றிவிட்டது என்றே சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், கல்யாணம் ஆகாத பெண், சினைப்பையை எடுப்பதற்கு முன்னால் லேப்ராஸ்கோப் விட்டு ஒரு துண்டு எடுத்தே தீர வேண்டும் என்று நின்றார். காசநோய். ஆறு மாதம் மாத்திரை. இப்போது நன்றாக இருக்கிறாள்.

பேத்தாலஜி_மணி:
நம் நாட்டில் இது அடிக்கடி. வயிற்றுக் காசநோயிலும் சிஏ-125 ஏறும். கழுத்தில் நெறி கட்டினால் டிபியா, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயா என்பது தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. இதன் மறுபக்கமும் நிறைய, அது இன்னும் வேதனை: எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் சளியில் கிருமி வராமலே டிபி மாத்திரை ஆரம்பித்து மாதக்கணக்கில் போய், கடைசியில் பார்த்தால் நுரையீரல் புற்றுநோய்.

ஒரு நடைமுறை விஷயம், இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிபி சந்தேகம் இருந்தால் எடுத்த சதையை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்திலும் இன்னொன்றைச் சலைன் என்ற உப்பு நீரிலும் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றும் வளராது. அந்தச் சலைன் துண்டை வைத்துத்தான் கல்ச்சரும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்ட்டும் செய்வார்கள். எத்தனையோ தடவை ஃபார்மலின் டப்பா மட்டும் வந்து நாங்கள் கையைப் பிசைந்திருக்கிறோம்.

லிம்ஃபோமா சந்தேகத்திலும் ஒன்று உண்டு. சதை எடுப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கட்டி கரைந்து, எடுத்த துண்டில் ஒன்றுமே தெரியாமல் போகும், முக்கியமாக மூளையில். மூச்சுத் திணறல் மாதிரி உயிர் போகும் அவசரம் வேறு. வீக்கம் குறையட்டும் என்று கொடுப்பதுதான் கெடுதல். லிம்ஃபோமாவுக்கு மெல்லிய ஊசியில் உறிஞ்சிய செல்லும் போதாது, முடிந்தால் நெறிக்கட்டி முழுசாக வேண்டும்.

குமார்_தஞ்சை:
தொடையில் கொழுப்புக் கட்டி என்று லோக்கலாக மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து, பிறகு அது சார்க்கோமா என்ற தசைத் திசுப் புற்றுநோய் என்று வந்த கேஸ் என் உறவில் உண்டு. மறுபடி பெரிய ஆபரேஷன், தசையில் பாதி போனது.

பேத்தாலஜி_மணி:
5 செ.மீ.க்கு மேல், அல்லது ஆழத்தில், அல்லது வளர்ந்துகொண்டே போகிற கட்டி என்றால் முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் சதையை இழையாக வெட்டி எடுக்கும் ட்ரூகட் ஊசி. அதுவும் ஆபரேஷன் செய்யப்போகிற ஆஸ்பத்திரியிலேயே எடுப்பது நல்லது, ஏனென்றால் ஊசி போன தடத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள், தப்பான பக்கத்திலிருந்து குத்தியிருந்தால் வெட்ட வேண்டிய சதை கூடிவிடும். அமெரிக்காவில் ஹென்றி மேன்கின் என்ற எலும்பு மருத்துவர் 1982இல் 329 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தார். சரியாகச் செய்யாத பயாப்சியால் கை கால் இழந்தவர்களே அதில் இருந்தார்கள். 1996இல் மறுபடி பார்த்தார், நிலைமை பெரிதாக மாறவில்லை.

மீனா_கோவை:
எனக்கு மார்பில் கட்டி. தியேட்டரிலேயே சதையை உறைய வைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் டெஸ்ட் செய்து, கேன்சர் என்றால் அப்போதே மார்பை எடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். ஒரே மயக்கத்தில் முடிந்துவிடும் என்பது வசதியாகத் தோன்றுகிறது. செய்யலாமா?

ராணி_மேலூர்:
மயக்கத்துக்குள் போகும்போது, எழுந்தால் மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் போவது என்ன வசதி மீனா?

பேத்தாலஜி_மணி:
மீனா, 1970கள் வரை அதுதான் வழக்கம். 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அப்படித்தான் ஒரே மயக்கத்தில் சோதனையும் மார்பக நீக்கமும் நடந்தது. ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், தானும் மார்பகப் புற்றுநோய் வந்தவர், இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று விடாமல் போராடினார், 1979இல் அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய குழு அப்படியே பரிந்துரை செய்தது. அதிலிருந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது.

காரணம் நோயாளியின் மனநிலை மட்டும் இல்லை. இன்றைக்கு ட்ரூகட் ஊசியில் எடுத்த நாலைந்து இழைகளை வைத்து எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டும் இஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) பார்க்கிறோம். ஹெர்2 பாசிட்டிவ் அல்லது மூன்றும் நெகட்டிவ் என்று வந்து, கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் பலருக்கு முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன். கட்டி சுருங்கினால் மார்பைக் காப்பாற்றவும் வழி உண்டு, மருந்து எப்படி வேலை செய்தது என்றும் கண்ணால் தெரியும். ஃப்ரோசனில் அரை மணி நேரத்தில் சதையை உறைய வைத்துச் சீவுவதால் பனிக்கட்டி செல்லைக் குலைக்கும், இந்த விவரம் எதுவும் அதில் வராது. ஃப்ரோசன், வெட்டிய விளிம்பில் நோய் மிச்சம் உண்டா என்று பார்க்கவும் நிணநீர் முடிச்சு பார்க்கவும் நல்ல கருவி, முதல் முடிவுக்கு இல்லை. சதை எடுத்தவுடன் ஃபார்மலினில் போடுகிறார்களா என்று கேளுங்கள், ஹெர்2 சரியாக வர 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திண்டுக்கல்_தென்றல்:
எல்லோருக்கும் நன்றி. தேதியைத் தள்ளி வைத்துவிட்டு மெடிக்கல் காலேஜில் காட்டினோம். குழாய் விட்டு எடுத்தார்கள், பெரியம்மா வலித்தது என்றார், ஆனால் சாயங்காலமே சமையல் செய்தார். ரிப்போர்ட்டில் ஹைப்பர்பிளேசியா வித் ஏட்டிப்பியா, அதாவது உள்சவ்வு மிகையாக வளர்ந்து செல்களும் இயல்பு மாறியிருக்கின்றன என்று இருக்கிறது. கேன்சர் இல்லை, ஆனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இப்போது பெரியப்பா, அதே ஆபரேஷன்தானே, இதற்கு ஏன் இத்தனை அலைச்சல் என்கிறார். என்ன சொல்வது?

பேத்தாலஜி_மணி:
அதே ஆபரேஷன் இல்லை என்று சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட் வந்தவர்களில் பத்தில் நான்கு பேர் வரை, கர்ப்பப்பையை எடுத்து முழுசாகப் பார்க்கும்போது உள்ளே எங்கோ ஏற்கெனவே புற்றுநோய் இருக்கும், குழாயில் வந்த துண்டில் அது அகப்பட்டிருக்காது. நெகட்டிவ் என்று எந்தப் பயாப்சி வந்தாலும், அனுப்பிய துண்டில் இல்லை என்றுதான் அர்த்தம். ஆக இப்போது சர்ஜன் தெரிந்தே போகிறார். இந்த வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்து எடுப்பார். கர்ப்பப்பையை உள்ளேயே துண்டு துண்டாக நறுக்கி எடுக்கமாட்டார், 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது அந்த நறுக்கும் கருவியைத்தான், நார்க்கட்டி என்று நினைத்ததில் மறைந்திருந்த புற்றுநோய் வயிறெங்கும் சிதறியதால். தியேட்டரிலேயே ஃப்ரோசன் பார்க்க ஆளை ஏற்பாடு செய்துகொண்டு, தேவைப்பட்டால் நிணநீர் முடிச்சையும் எடுப்பார். புற்றுநோய் அறுவை தெரிந்த மகப்பேறு மருத்துவர் செய்தால் நல்லது, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி_கேட்பவன்:
கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் மறுபடி உடம்பிலிருந்து எடுக்க வேண்டுமா?

பேத்தாலஜி_மணி:
பெரும்பாலும் வேண்டாம். உங்கள் சதை மெழுகில் பதித்து லேபில் இருக்கும், அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக்கையும் ஸ்லைடையும் ரிப்போர்ட் நகலோடு எழுதிக் கேட்டால் தருவார்கள், அதை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலோ வேலூர் சிஎம்சியிலோ மறுபார்வைக்குக் கொடுக்கலாம். ஸ்லைடு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், செல்லில் உள்ள புரதங்களைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஐஎச்சி புதிதாகப் போட வேண்டும் என்றால் பிளாக்கிலிருந்துதான் சீவ வேண்டும். காப்பீட்டில் கீமோவுக்கு அனுமதி கேட்கும்போதும் முதலில் கேட்பது பயாப்சி ரிப்போர்ட்டைத்தான், அதனால் அசலை யாரிடமும் கொடுத்துவிடாமல் நகல் கொடுங்கள். பிளாக்கை வெயிலில் வைக்காதீர்கள், பேருந்தில் வெயில் படும் ஜன்னலோரம் பையை வைத்தால் மெழுகு இளகிவிடலாம்.

ராணி_மேலூர்:
எடுத்ததை லேபுக்கு அனுப்பினீர்களா என்று நாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா டாக்டர்?

பேத்தாலஜி_மணி:
சிலர் கோபிப்பார்கள். கேளுங்கள் அக்கா. ஃபார்ம் நிரப்பியதையும் டப்பாவில் பெயர் ஒட்டியதையும் பார்த்துவிட்டே நகருங்கள். உறவுக்காரரே டப்பாவை லேபுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், சதை மூழ்கும் அளவுக்கு மட்டும் இல்லாமல், சதையின் அளவைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் இருக்கிறதா என்று பாருங்கள், ரசீது வாங்குங்கள்.

மீனா_கோவை:
ட்ரூகட்டுக்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கிவிட்டேன். ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அதைச் சொன்னதும் நிறுத்த வேண்டுமா என்று இதய டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.